எதுக்கு என்று கேட்ட டாக்டரம்மா

எங்கள் டாக்டரம்மாவிடம் எப்போதும் ஒரே கேள்விதான் இருக்கும். "எதுக்கு?"

காய்க்கடையில் கேரட்டை இலையோடு கட்டி வைத்திருந்தால், "இலையோட எதுக்கு?" என்பார். கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டினால், "விசில் இருக்கும்போது தட்டறது எதுக்கு?" என்பார். அதில் கிண்டல் இருக்காது, குறை சொல்லும் எண்ணமும் இருக்காது. அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டும். கேட்டுவிட்டுப் பதில் வருகிறவரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கண்டக்டர் பாவம், பின்னால் நிற்கிற கூட்டம் கத்தக் கத்தப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

குன்னூரில் அவர் வைத்திருந்த சின்ன ஆஸ்பத்திரியில் நான் ஆயாவாக இருந்தேன். பெருக்குவது, துடைப்பது, துணிகளை வேக வைப்பது, வருகிறவர்களை உட்கார வைப்பது இதெல்லாம் என் வேலை. நான் ஐந்தாவதோடு நின்றவள். யாராவது நேராகப் பார்த்துப் பேசினாலே முந்தானையை வாயில் வைத்துக்கொள்வேன். அப்படிப்பட்டவளிடம் வேலைக்குச் சேர்ந்த அன்றே, "தலைத்துண்டுக்கு ஒரு முடிச்சு போதாதா? ரெண்டு எதுக்குப் போடறீங்க?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அவர் விடவில்லை. மறுநாளும் கேட்டார். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்:

"ஒண்ணு மட்டும் போட்டா அவுந்துருமுங்க. ரெண்டாவது, மொதல் முடிச்சுக்குத் தொணைக்குங்க."

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "தையல் போடறப்போ நாங்களும் அதுக்குத்தான் முடிச்சு மேல முடிச்சு போடறோம், ஆயாம்மா!" என்று நர்சைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, வெட்கம்.

அவர் தோலை வெட்டித் தைக்கிற டாக்டர். தீக்காயம் பட்டுக் கழுத்து இழுத்துக்கொண்டவர்கள், கம்மல் இழுத்துக் காது கிழிந்தவர்கள், எந்திரத்தில் விரலைக் கொடுத்தவர்கள் என்று வருவார்கள். கத்தியில் கெட்டிக்காரர் என்று பேர். ஆனால் கத்தியை எடுக்கச் சம்மதிக்கிறதற்குள் வந்தவர் நொந்து போவார். கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு வயசான அம்மா, காது தொங்குகிறது, தைத்துவிடுங்கள் என்று வந்தார்.

"எதுக்கு?"

"மருமவ சிரிக்கிறா, டாக்டரு."

"உங்களுக்கு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

"அப்போ மருமகளைக் கூட்டிட்டு வாங்க. அவங்க வாயைத் தைச்சுடலாம்."

அந்த அம்மா சிரித்த சிரிப்பு வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. தைக்காமலே திரும்பிப் போனார்.

இப்போது நான் சொல்ல வருவது வேறு ஒருவர் விஷயம். சொல்ல எனக்குக் கூச்சம்தான். ஆனால் அதைச் சொல்லாமல் டாக்டரம்மாவைச் சொல்ல முடியாது.

ஆண்கள் மறைவிடத்துக்கு வைத்தியம் பார்க்க வந்தால், டாக்டரம்மா என்னை அறைக்குள் நிற்க வைப்பார். பெண் டாக்டர், உள்ளே இன்னொரு ஆள் இருக்க வேண்டும் என்பது அவர் வழக்கம். நான் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வேன். எதிரில் ஒரு தையல் கடை, அதற்கு மேலே இரண்டு சில்வர் ஓக் மரம். அந்த மரங்களின் ஒவ்வொரு கிளையும் எனக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் நடப்பதெல்லாம் காதால் கேட்டதுதான். அப்படி வருகிறவர்களை உள்ளே கூட்டி வருவது நர்ஸ், அதனால் அவர்கள் முகம் எனக்குத் தெரியாது, குரல் தெரியும்.

அவர் வந்தது மார்கழியில். காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்த நாள். உள்ளே வந்ததும் அறை முழுக்கத் தேயிலைத் தூள் வாசம். கூடலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் டிரையர் பார்க்கிறவர் என்று சொன்னார். வாட்டி அரைத்த இலையைக் கடைசியில் சூட்டில் காய வைக்கிற எந்திரம் அது. சிலோனிலிருந்து வந்த குடும்பம். முக்கியமான வார்த்தை வந்தால் முதலில் ஒரு கனைப்புக் கனைப்பார், பிறகுதான் சொல்வார்.

"சின்ன வயசில எனக்கு... ம்க்கும்... சுன்னத்து மாதிரி செஞ்சிட்டாங்க, மேடம். மூத்திரம் போக கஷ்டப்பட்டேன்னு அம்மா கூட்டிட்டுப் போயிருக்கு. அங்க டாக்டர் ரொம்ப இழுத்து வெட்டிட்டாரு. பெரியவனானதும் தோல் பத்தல. வலி."

"சரி. இப்போ?"

"இப்போ தோல் இருக்குங்க. நானே வளர்த்தேன்."

எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மாவின் நாற்காலி முன்னால் நகர்ந்த சத்தம் கேட்டது. "வளர்த்தீங்களா? எப்படி?"

போனில் பார்த்துத் தெரிந்துகொண்டாராம். வெளிநாட்டில் நிறையப் பேர் செய்கிறார்களாம். மீதி இருக்கிற தோலை முன்னுக்கு இழுத்து, பிளாஸ்திரி ஒட்டி, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக. எஸ்டேட் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில், ஒரே அறையில் எல்லோரும் படுக்கிற இடத்தில், யாருக்கும் தெரியாமல் வருஷக் கணக்காகச் செய்திருக்கிறார். வலி எப்போதோ போய்விட்டது. தோல் முனையை மூடுகிற அளவுக்கு வந்துவிட்டது.

டாக்டரம்மா நடுவில் என்னிடம், "ஆயாம்மா, பாம்படம் போட்ட காது பாத்திருக்கீங்கல்ல?" என்றார். அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். "கனம் தொங்கத் தொங்கத் தோல் வளரும். அதே கணக்குதான் இது."

"ஆமாங்க," என்றேன் சில்வர் ஓக்கைப் பார்த்து.

"எல்லாம் முடிஞ்சுதே. என்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"தோலோட வாய் லூசா இருக்குங்க, மேடம். மூடி நிக்கல. பின்னால போயிடுது. வேலை நேரத்தில துணி உரசி நிக்க முடியல. சித்திரை முடிஞ்சதும் எனக்கு... ம்க்கும்... கல்யாணம். அதுக்குள்ள ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணி வாயை மட்டும் இறுக்கி விட்டீங்கன்னா முழுசாயிடும்."

டாக்டரம்மா பார்த்தார். கையுறை மாட்டுகிற சத்தம், விளக்கை இழுக்கிற சத்தம். பிறகு, "நல்லா மூடித்தானே இருக்கு? குறையே தெரியலையே," என்றார்.

"இப்போ அப்படித்தான் இருக்கும், மேடம். வேலையில அப்படி இல்ல."

வேறொரு டாக்டராக இருந்தால் உனக்கு மனப்பிரமை என்று அனுப்பியிருப்பார். இல்லையென்றால் ஆள் கேட்டபடியே அளவு குறித்து வெட்டியிருப்பார். டாக்டரம்மா மேஜையைத் தட்டினார். தனக்குத்தானே "எதுக்கு, எதுக்கு?" என்று முணுமுணுத்தார். திடீரென்று என்னைக் கூப்பிட்டார்.

"ஆயாம்மா, ஜன்னலைச் சாத்துங்க. ஆஸ்பத்திரியில இருக்கிற ஹீட்டரெல்லாம் கொண்டு வாங்க. வெந்நீரும் கொண்டு வாங்க."

நான் தரையைப் பார்த்தபடியே கொண்டு வர, ஹீட்டர்களை வைத்தோம். கருவி வேக வைக்கிற பெரிய பாத்திரத்தைக் கொதிக்கக் கொதிக்க மூடி திறந்து வைத்தோம். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, நான் பார்த்துக்கொண்டிருந்த மரம் மறைந்துவிட்டது. டாக்டரம்மா ஸ்வெட்டரைக் கழற்றினார். என் கழுத்தில் வேர்வை ஓடியது. மார்கழியில் குன்னூரில் எனக்கு வேர்த்தது அன்றைக்குத்தான்.

"டிரையர் ரூம் இவ்வளவு சூடா இருக்குமா?"

"இது எங்க காணும், மேடம்? இன்னும் மேல."

நர்ஸ் கதவைத் தட்டி, "டாக்டர், உள்ள ஏதாவது எரியுதா?" என்றாள். "ஒண்ணும் எரியல, தேயிலை காயுது," என்றார் டாக்டரம்மா. அந்த ஆள் சிரித்துவிட்டார். அதுவரை அவர் சிரித்து நான் கேட்கவில்லை.

அப்புறம் டாக்டரம்மா மறுபடி பார்த்தார். "அடடா!" என்றார், அலமாரியில் தொலைத்ததைக் கண்டெடுத்த மாதிரி. "பாருங்க, இப்போ பின்னால போயிடுச்சு. நீங்க சொன்னது நெஜம்."

பிறகு பொறுமையாக விளக்கினார். அந்தத் தோலுக்கு அடியில் மெல்லிசாக ஒரு தசை உண்டு. குளிருக்குச் சுருங்கும், சூட்டுக்குத் தளரும். குளிர்ந்த அறையில் பார்த்தால் குறை தெரியாது. சூட்டில் தளர்ந்திருக்கும்போது அளவெடுத்து இறுக்கினால், ஃபேக்டரியை விட்டு வெளியே வந்து குளிரில் சுருங்கியதும் வாய் அடைத்துக்கொள்ளும்.

"சின்ன வயசில உங்களை எதுக்கு வெட்டினாங்க? மூத்திரம் அடைச்சதுக்கு. அதே அடைப்பை நானே தைச்சுக் கொடுக்கிறதா?"

அவர் கனைப்பு மட்டும் கேட்டது.

என்னென்ன செய்யலாம் என்றும் டாக்டரம்மா சொன்னார். வாயில் ஓரமாகக் கொஞ்சம் எடுத்துத் தைத்து இறுக்கலாம். வெட்டிய இடத்தில் பழைய தழும்பு இரண்டு நிறமாகத் தெரிகிறதே, அதை எடுத்துவிட்டுச் சேர்த்துத் தைக்கலாம், ஆனால் புதுத் தழும்பு ஒன்று வரும். வேறு இடத்துத் தோலை வைத்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு மாதிரித் தோல், தான் அதைத் தொடமாட்டேன் என்றார். தோலை அடியில் பிடித்து வைத்திருந்த நரம்பு மாதிரி நாண், சின்ன வயசில் வெட்டியதில் போனது போனதுதான், யாராலும் திருப்பித் தர முடியாது. ஒன்றும் செய்யாமல் இழுப்பதையே இன்னும் கொஞ்ச நாள் தொடரலாம் என்றும் சொன்னார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். வளர்த்த தோலில் இதுவரை நான் கை வெச்சதில்ல. படிச்சிட்டுத்தான் சொல்லணும். நீங்க வருஷக் கணக்கா வளர்த்ததை நான் அரை மணியில வெட்டிப் போட்டா, அப்புறம் கேட்டாலும் வராது."

அதற்கு முன் ஒரு சோதனை சொன்னார். தோலை முன்னுக்குக் கொண்டுவந்து, இறுக்கினால் எந்த அளவுக்கு இருக்குமோ அந்த அளவுக்குக் காகிதப் பிளாஸ்திரி லேசாக ஒட்டிக்கொள்ள வேண்டும். அதோடு வேலைக்கும் போக வேண்டும், வெளியே குளிரிலும் நடக்க வேண்டும். "தையல் போட்டா எப்படி இருக்கும்னு தையல் இல்லாமலே தெரிஞ்சுக்கலாம். வலிச்சா உடனே எடுத்துடணும்."

அவர் போனதும் நான் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா கேட்டார்: "ஆயாம்மா, அவர் என்ன கேட்டார்னு வெளில கேட்டா என்ன சொல்வீங்க?"

"ஒண்ணும் சொல்லமாட்டேனுங்க."

"தெரியும். உங்களுக்கு நீங்களே சொல்லிக்கிறதா இருந்தா?"

நான் துடைப்பதை நிறுத்தவில்லை. "அது... அந்த எடத்துத் தோலுங்க."

"முன்தோல். கெட்ட வார்த்தை இல்ல. மூக்கு, முழங்கால், முன்தோல். அந்த வார்த்தையச் சொல்ல முடியாமதான் அவர் இத்தனை வருஷம் ஒருத்தர்கிட்டயும் போகல."

அன்று வீட்டுக்கு நடக்கும்போது மூச்சுக்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு டாக்டரம்மா மேஜை முழுக்கத் தடித் தடிப் புத்தகங்கள். கோயமுத்தூரிலும் மெட்ராஸிலும் இருக்கிற டாக்டர்களுக்கெல்லாம் போன். "யாராவது செஞ்சிருக்கீங்களா? எதுக்குச் செஞ்சீங்க? அப்புறம் என்ன ஆச்சு?" பலர் சிரித்திருக்க வேண்டும். "இதில சிரிக்க என்ன இருக்கு?" என்று அவர் கேட்பது மட்டும் எனக்குக் கேட்டது.

மாசியில் டிரையர்க்காரர் திரும்ப வந்தார். குரலில் அவசரம்.

"டிரையர் கிட்ட நிக்கிறப்போ நல்லா இருந்துச்சுங்க, மேடம். உரசல் இல்ல."

"வெளில?"

கனைப்பு. "வெளில வந்தா மூத்திரம் நேரா வரல. செதறுது. காலையில ரொம்ப கஷ்டம். பிளாஸ்திரிய எடுத்தாத்தான் ஆச்சு."

"அப்போ உங்களுக்கே விடை தெரிஞ்சு போச்சு."

"இல்லங்க, மேடம். கொஞ்சமா இறுக்கிடுங்க. பாதி அளவுக்கு."

அன்றைக்கு ஒரு வேலை செய்தார் டாக்டரம்மா. சின்ன வயசில் வெட்டிய இடத்தில் தோல் ஒரு ஓரமாகக் குட்டிப் பாலம் போல முனையோடு ஒட்டிப்போயிருந்ததாம். அதுதான் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு அதை மட்டும் எடுத்துவிட்டார். இதற்குப் பயமில்லை என்றார். வாயை இறுக்க மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணம் ஆகி ஒரு வருஷம் போகட்டும், அப்போதும் வேண்டுமென்றால் வாருங்கள் என்றார்.

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"எப்படிங்க சொல்றது? அதுக்குள்ள முழுசாயிட்டா சொல்லவே வேணாமே."

"அதுக்குத்தான் ஆபரேஷனா? சொல்லாம இருக்கிறதுக்கா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்காலி பின்னால் தள்ளப்பட்ட சத்தம் கேட்டது.

"நீங்க பயப்படறீங்க, மேடம்."

"ஆமா, பயப்படறேன்."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. நாற்காலி மறுபடி முன்னுக்கு வந்தது. குரல் இறங்கிப்போயிற்று.

"என்னைய வெட்டுன டாக்டருக்குப் பயமே இல்லன்னு அம்மா சொல்லும். அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல. என்கிட்டயும் கேக்கல. தூக்கிப் படுக்க வெச்சாங்க, முடிஞ்சிது. இப்போ நானா வந்து கேக்கறேன், செய்யமாட்டேங்கிறீங்க. நான் கோயமுத்தூரு போறேன்."

"போங்க. ரெண்டாவது ஆள்கிட்ட கேக்கறது நல்லதுதான். ஆனா என்ன முடிவு பண்ணினாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."

கதவு சாத்திக்கொண்டது. தேயிலை வாசம் கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது.

அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சித்திரை போயிற்று, கல்யாணமும் ஆகியிருக்கும். டாக்டரம்மா அடிக்கடி கேட்பார்: "ஆயாம்மா, அந்த டிரையர்க்காரர் வந்தாரா?" வேறு யார் வந்தாலும் வெட்டலாமா வேண்டாமா என்பதோடு முடித்துக்கொள்வார். இவர் விஷயத்தில் மட்டும் மனசு ஆறவில்லை. ஒரு நாள் மதியம் டீ குடிக்கும்போது சொன்னார்: "நான் மாட்டேன்னது அவருக்காகவா, இல்ல எனக்குப் பழக்கமில்லைங்கிறதாலயா? எவனாவது அவசரப்பட்டு இறுக்கி விட்டிருந்தா, அதில எனக்கும் பங்கு இருக்கு." நான் அவர் தட்டில் இன்னொரு பிஸ்கட் எடுத்து வைத்தேன்.

முழங்கால் வலி அதிகமாகி, குளிர் ஒத்துக்கொள்ளாமல், ஆஸ்பத்திரியை மூடிவிட்டு நாகர்கோவிலுக்கே போய்விட்டார் டாக்டரம்மா. எனக்குப் போன் செய்வார். பூப்பூத்ததா, மழையா, கேரட்டு என்ன விலை என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் அந்தக் கேள்வி வரும். "எங்கயாவது பாத்தீங்களா?"

"முகமே தெரியாதுங்களே, டாக்டரம்மா."

"அதான் கஷ்டம். ஜன்னலைப் பார்க்கச் சொன்னது நான்தானே," என்று சிரிப்பார்.

போன குளிரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, குன்னூர் மார்க்கெட்டில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ விலை பேசினார்கள்.

"கிலோவுக்கு... ம்க்கும்... பத்து ரூவா கொறைச்சுக்கோங்க."

கையிலிருந்த பீன்ஸ் கூடையிலேயே விழுந்தது. தேயிலைத் தூள் வாசம். திரும்பினேன். அவர் முகத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். காது மேலே கொஞ்சம் நரை. பக்கத்தில் மனைவி, தோளில் பை.

டாக்டரம்மாவாக இருந்தால் அங்கேயே கேட்டிருப்பார். நான் ஒரு கடை தள்ளிப் போனேன், திரும்பி வந்தேன். அவர்கள் கிளம்புகிறார்கள். நாகர்கோவிலில் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவர் பக்கமாகப் போய் நின்றேன்.

"ஏனுங்க, நான் டாக்டரம்மா ஆஸ்பத்திரி ஆயாங்க. ஜன்னலுக்கிட்ட நிப்பேன்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு முகம் சிவந்தது. எனக்கும் சிவந்திருக்கும். ஆனால் ஆரம்பித்தாயிற்று. மெதுவாகத்தான் கேட்டேன்.

"டாக்டரம்மா கேட்டுட்டே இருக்காங்க. அந்த முன்... முன்தோலு... கோயமுத்தூரு போயி இறுக்கிக்கிட்டீங்களா, இல்ல அப்படியே விட்டுட்டீங்களா?"

அவர் மனைவி பக்கம் திரும்பினார். அந்தப் பெண் எட்டிப் பார்த்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"அந்த ஹீட்டர் வெச்ச டாக்டரா?" என்று கேட்டது அவரை. அவர் தலையாட்டினார். அந்தப் பெண் என் பக்கம் நெருங்கி வந்து, காதோடு சொல்வது போலச் சொன்னது:

"கல்யாணத்துக்கு முன்னாலயே எங்கிட்ட சொல்லிட்டாருங்க. கோயமுத்தூருக்கு ரெண்டு பேருந்தான் போனோம். அங்க அந்த டாக்டரு, நாளைக்கே வாங்க, முடிச்சுடலாம்னாரு. இவரு அப்படியே எந்திரிச்சு வெளிய வந்துட்டாருங்க."

"எதுக்குங்க?" என் வாயில் அது தானாக வந்துவிட்டது.

இப்போது அவரே கனைத்தார். "அவரு என்னைய ஒண்ணுமே கேக்கலம்மா. எதுக்குன்னு கூட கேக்கல. கேக்காத ஆளுகிட்ட மறுபடி எப்படிம்மா படுக்கறது?"

அவ்வளவுதான். அவர்கள் பஸ்ஸுக்குப் போனார்கள். நான் பீன்ஸ் வாங்காமலே வீட்டுக்கு வந்து டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மார்க்கெட்டில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னதையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. சளியா வேறெதுவா தெரியவில்லை. பிறகு பழைய குரல்.

"சரி, ஆயாம்மா. டிரையர் கிட்ட உரசுதுன்னாரே, அதுக்கு இப்போ என்ன பண்றாராம்?"

"அதைக் கேக்கலைங்களே."

"கேக்கலையா? அத்தனை தூரம் கேட்டவங்க அதைக் கேட்டிருக்க வேணாமா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் காய் நிறையவே இருந்தது. தலைத்துண்டை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன்.